பஸ் நீலம்

பட்டுப்புழுக்கள் தோலுரிக்கும் நாலாவது உறக்கம் கலைந்து எழுந்தபோது யோல்தாஷின் வீட்டில் மனிதர்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று. மூன்று அறைகளிலும் பரண் கட்டி, மல்பெரிக் கிளைகளைப் பரப்பியிருந்தார்கள். புழுக்கள் இரவும் பகலும் மேய்ந்தன. கதவில் காது வைத்தால் தகரக் கூரையில் சாரல் விழுகிற மாதிரி சத்தம். தட்டுமுட்டுச் சாமான் போட்டிருந்த சின்ன அறையில் மருமகள் முனவ்வரும் அவளுடைய மூன்று வயது மகள் ஒய்னூரும் படுத்துக்கொண்டார்கள். மாமனார் வெளியே பெருங்கட்டிலுக்குப் போனார். சமையல், சாப்பாடு, துவையல், தூக்கம் எல்லாம் முற்றத்தில்தான். பட்டு நகரமான மர்கிலானைச் சுற்றியுள்ள ஊர்களில் மே மாதம் எல்லார் வீட்டிலும் இதே கதை.

முனவ்வருக்குப் புழுக்களோடு ஒரு தகராறும் இல்லை. தகராறெல்லாம் முற்றத்தோடுதான். பத்துப் பேர் சம்மணம் போட்டு உட்காரக்கூடிய பெருங்கட்டில், ஒரு கால் உடைந்து செங்கல்மேல் சாய்ந்து கிடந்தது. அதன் பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. திராட்சைக் கொடியைக் கட்டிவிட ஆள் இல்லாமல் அது பந்தலை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டது. பூ வைத்த டின்களில் காய்ந்த மண்ணும் சிகரெட் துண்டும். மாமியார் இறந்ததோடு முற்றத்தின் உயிரும் போய்விட்டது என்று தெருவில் சொன்னார்கள். அந்த மாமியாரை முனவ்வர் பார்த்ததே இல்லை. பெண்துணை இல்லாத வீட்டுக்கு ஒரு பெண் வேண்டுமென்றுதான் அடுத்த வசந்தத்தில் அவளை மகன் அக்மலுக்குக் கட்டி வைத்தார்கள். குழந்தை தவழ ஆரம்பித்ததும் அக்மல் கட்டட வேலைக்கு ரஷ்யா போய்விட்டான்.

வீட்டில் மிஞ்சியது மாமனாரும் மருமகளும். மாமனார் முன்னால் மருமகள் சத்தமாகப் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. மாமனாரும் மருமகளிடம் வளவளவென்று பேசிவிட முடியாது. யோல்தாஷ் வாழ்நாள் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர். பஸ்ஸில் அவர் அடித்த ஜோக்கை இன்றும் ஊரில் சொல்வார்கள். வீட்டில் அவர் பேசியதெல்லாம் இருமல்தான். வாசலில் ஒரு இருமல் என்றால் வந்துவிட்டேன். கட்டிலில் ஒரு இருமல் என்றால் டீ. ஒய்னூர் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் நாள் முழுக்கத் தொணதொணத்துக்கொண்டிருந்தது.

போன குளிர்காலத்தில் ஒருநாள் முனவ்வர் பக்கத்து வீட்டு துர்தீகானிடம் போய் மனசைக் கொட்டினாள். துர்தீகான் ஊரில் பாதிக் கல்யாணத்தை முடித்து வைத்தவள்.

"அக்கா, எங்க மாமாவுக்கு ஒரு பொண்ணு பாருங்க."

துர்தீகான் கையிலிருந்த மாவை அப்படியே வைத்துவிட்டாள். "ஏண்டி, மாமியார் எப்படா கண்ண மூடுவான்னு காத்துக் கெடக்குற ஊருல, மாமியார் வேணும்னு அலையுற மருமக நீ ஒருத்திதாண்டி."

"பேச ஆள் இல்லக்கா. அவரும் பாவம், நானும் பாவம். ரெண்டு பேரும் ஊமை மாதிரி இருக்கோம். யாராச்சும் வந்து என்னைத் திட்டினாக்கூடப் பரவாயில்ல."

"திட்டுறதுக்கா ஆள் கெடைக்காது? இரு, பாக்குறேன்."

அவள் பார்த்து வைத்தவள்தான் ஸும்ரத். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஊர், பாலர் பள்ளியில் சமையல்காரி. புருஷன் போய் வெகுகாலம். ஒரே மகனை வளர்த்துக் கல்யாணமும் பண்ணிவிட்டாள். யோல்தாஷிடம் சொன்னபோது, "இந்த வயசுலயா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாளிலிருந்து தினமும் சவரம் செய்ய ஆரம்பித்தார். துர்தீகானுக்கு அது போதும்.

இப்போது புழுக்கள் வீட்டை அடைத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அவள் ஓடி வந்தாள். செருப்பு ஒரு காலில் இல்லை.

"முனவ்வர்! ஞாயித்துக்கெழம வர்றாங்கடி. ஸும்ரத்தோட அக்கா கரோமத்து. வீடு பாக்க!"

"ஐயோ! வீடு எங்கக்கா இருக்கு? எல்லாம் புழுவாக் கெடக்கே!"

"நானும் அதத்தான் சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? புழு இருந்தா என்ன, முத்தம் இல்லியான்னுட்டா. தங்கச்சிய வளத்ததே அவதான். அவ சரின்னா சரி. அவ மூக்கச் சுளிச்சா, ஆண்டவனே வந்தாலும் முடியாது."

இரண்டு பேரும் திரும்பி முற்றத்தைப் பார்த்தார்கள். சாய்ந்த கட்டிலின்மேல் கோழி ஒன்று ஏறி நின்று இவர்களைப் பார்த்தது.

அன்று மாலை முனவ்வர் மாமனாருக்கு டீ ஊற்றும்போது வழக்கத்தை மீறி வாயைத் திறந்தாள். "மாமா, முத்தத்தக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணட்டுங்களா?"

யோல்தாஷ் டீக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் எதையும் அசைக்க அவர் இதுவரை விட்டதில்லை. கட்டிலுக்குக் கால் மாற்றலாம் என்று அக்மல் சொன்னபோதுகூட, "உங்கம்மா போட்ட இடத்துல அப்படியே கெடக்கட்டும்" என்று முடித்துவிட்டார். இப்போது டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். போச்சு, கோபித்துக்கொண்டார் என்று முனவ்வர் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டுமுன் வாசலில் இருமல் கேட்டது. சைக்கிளின் பின்னால் சுண்ணாம்புக்கல் மூட்டை, கைப்பிடியில் ஒரு பெரிய டின். டின்னைக் கீழே வைத்து, யாரிடமோ சொல்வதுபோல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "டிப்போவுல மிச்சம் இருந்துச்சு. பஸ்ஸுக்கு அடிக்கிற நீலம். கட்டிலுக்கு ஆகும்."

முனவ்வருக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தக்கூடாது என்பதால் ஒய்னூரைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றினாள்.

மறுநாள் விடியலில் புழுக்களுக்குக் கிளை போட்டுவிட்டு இரண்டு பேரும் முற்றத்தில் இறங்கினார்கள். சுண்ணாம்பு பீப்பாயில் கொதித்துக் கொப்பளித்தது. ஒரு கை உப்பும் கொஞ்சம் துணி நீலமும் கலந்தாள். சுவர், வாய்க்கால் கரை, பாதாமி மரத்து அடி எல்லாவற்றிலும் வெள்ளை ஏறியது. ஒய்னூர் பழைய சவர பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கோழியைத் துரத்தியது. கோழியின் வாலிலும் வெள்ளை. யோல்தாஷ் கட்டிலைக் கவிழ்த்துப்போட்டு மல்பெரிக் கட்டையில் புதுக்கால் செதுக்கிப் பொருத்தினார். பிறகு ஏணி போட்டுத் திராட்சைக் கொடியைப் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

"அடப்பாவி, என் கொடிய எங்க இழுக்குறீங்க?" என்று துர்தீகான் சுவருக்கு அந்தப்புறமிருந்து குரல் கொடுத்தாள்.

"ஓசிப் பயணம் போதும், எறங்கச் சொல்லிட்டேன்" என்றார் யோல்தாஷ்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த முனவ்வர் அண்ணாந்து பார்த்தாள். மாமனார் பேசிய ஜோக்கை முதன்முதலாகக் கேட்கிறாள். முக்காட்டின் ஓரத்தை வாய்க்குள் அடைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மதியத்துக்குமேல் அவள் கொல்லையில் கிடந்த பஸ் டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டயரை அறுத்துப் புரட்டினால் அன்னப்பறவை வடிவம் வரும், அதன் முதுகில் பூச்செடி வைக்கலாம். சந்தைக்குப் போகிற வழியில் ஒரு வீட்டு வாசலில் பார்த்திருக்கிறாள். ரொட்டிக் கத்தி டயரில் பாதி போய் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இருமல்.

"சோப்புத் தண்ணி கொண்டா, மகளே."

கத்தியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அவர் அறுத்தார். ரப்பர் வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. கழுத்து, இறக்கை, வால் எல்லாம் வந்தன. ஆனால் தூக்கி நிறுத்தினால் கழுத்து நிற்காமல் தொங்கிப்போயிற்று.

ஒய்னூர் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தது. "தாத்தா, வாத்து தூங்குது."

"தூங்கல கண்ணு. கடைசி ட்ரிப்பு முடிஞ்சு டிரைவர் ஸ்டீயரிங்மேல சாய்ஞ்சிருக்காரு" என்றார். உள்ளே ஒரு கம்பியைக் கொடுத்து முறுக்கியதும் அன்னம் தலையை நிமிர்த்தியது. இரண்டாவது அன்னம் முதல் அறுப்பிலேயே சரியாக வந்தது.

வெள்ளைப் பெயின்ட் இல்லாததால் அன்னங்களுக்கும் மிச்சச் சுண்ணாம்புதான். டின்களைத் தேய்த்துக் கழுவி, துர்தீகான் கொடுத்த ஜெரேனியத்தையும் திருநீற்றுப்பச்சை நாற்றையும் நட்டு, வாய்க்கால் ஓரமாக வரிசை வைத்தாள். பந்தல் நடுவில் தொங்கிய மொட்டை பல்புக்கு அடியுடைந்த பழக்கூடையைக் கவிழ்த்து மாட்டினாள். விளக்கைப் போட்டதும் சுவரெல்லாம் பின்னல் பின்னலாக நிழல் விழுந்தது. தன் கல்யாணச் சீராக வந்து பிரிக்காமலே இருந்த நீளமெத்தைகளை வெயிலில் போட்டுத் தட்டினாள். கை இரண்டும் சுண்ணாம்பில் வெந்து எரிந்தன. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

கட்டிலில் பாதி நீலம் ஏறியிருந்தபோது மஸ்தூரா வந்து நின்றாள். அக்மலுக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். கையில் தம்பி பிள்ளைக்கு என்று ஏதோ பொட்டலம்.

"என்ன இது?"

முனவ்வர் பிரஷ்ஷோடு எழுந்தாள். "வாங்கக்கா, சும்மா கொஞ்சம்..."

"இந்தக் கட்டிலு பச்சை. எங்கம்மா அடிச்ச பச்சை. யாரக் கேட்டு நீலம் அடிக்கிற?"

"என்னையக் கேட்டுத்தான்" என்றார் யோல்தாஷ் ஏணியிலிருந்து.

மஸ்தூரா சுவரைப் பார்த்தாள், அன்னங்களைப் பார்த்தாள், தகப்பனின் மழித்த கன்னத்தைப் பார்த்தாள். "ஊர்ல பேசிக்கிறாங்கன்னு சொன்னாங்க. நான் நம்பல. எங்கப்பாவப் பத்தி எனக்குத் தெரியும்னு சண்டை போட்டுட்டு வந்தேன். அப்ப நெசந்தானா?"

யோல்தாஷ் கொடியைக் கட்டத் திரும்பிக்கொண்டார்.

"எங்கம்மாவ நீ பாத்திருக்கியாடி?" என்று முனவ்வரிடம் திரும்பினாள். "அவ இந்தக் கட்டில்லதான் கெடந்து போனா. உனக்கு இது பெயின்ட் அடிக்கிற பலகை."

"நான் அவங்கள அழிக்கலக்கா. அவங்க இருந்தப்ப இந்த முத்தம் இப்படியா கெடந்துச்சு? நீங்களே சொல்லுங்க."

மஸ்தூரா பொட்டலத்தை ஒய்னூர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். யோல்தாஷ் ஏணியிலிருந்து இறங்கி வந்து பிரஷ்ஷை மருமகள் கையிலிருந்து வாங்கி மீதிப் பாதியை அவரே அடித்தார்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மலைப்பக்கமிருந்து கறுத்து வந்து கொட்டியது. கட்டில்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திச் சுற்றிலும் கல் வைத்தார்கள். முனவ்வர் அறைவாசலில் நின்று அழுகையோடு வானத்தைத் திட்டினாள். சுவரடியில் சேறு தெறித்தது. ஒரு டின் சாய்ந்து வாய்க்காலில் போயிற்று. அன்னங்கள் இரண்டும் குளித்துவிட்டுக் கறுப்பு வாத்துகளாக நின்றன. யோல்தாஷ் ஈரக் கிளைகளைப் புழுக்களுக்குப் போடக்கூடாதென்று ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழாத மகளே" என்றார், முகத்தைப் பார்க்காமல். "மழையில கழுவுன பஸ்ஸுதான் காலையில பளபளன்னு நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. தெறித்த சேற்றின்மேல் இன்னொரு பூச்சு. அன்னங்களுக்கும் ஒன்று. கட்டிலின் நடுவில் விரல் வைத்துப் பார்த்தாள், காய்ந்திருந்தது. மெத்தைகளை விரித்து, நடுவில் தாழ்மேசை போட்டு, ரொட்டி, உலர்பழம், முதல் பழமாகப் பழுத்த செர்ரி எல்லாம் வைத்தாள். தரையில் தண்ணீர் தெளித்ததும் மண்ணும் திருநீற்றுப்பச்சையும் கலந்து மணத்தது. இரும்புச் சட்டியில் பலாவ் சோறு தம்மில் அடங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் மஸ்தூரா உள்ளே வந்தாள். தலையில் ஒரு தட்டு, தட்டில் சுடச்சுடக் கீரைச் சம்சா. "எங்கப்பன் வீட்டுக்கு விருந்தாளி வர்றப்ப மகளக் காணோம்னு நாளைக்கு எவளும் பேசக்கூடாது. அதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லி அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கரோமத் வந்தாள். கனத்த உடம்பு, வெள்ளையும் மஞ்சளும் ஓடிய பட்டு அங்கி, தூரத்திலேயே சென்ட் வாசனை. துர்தீகான் பின்னாலேயே ஓடிவந்தாள். கரோமத் சுவரைப் பார்க்கவில்லை, அன்னத்தைப் பார்க்கவில்லை, பூவைப் பார்க்கவில்லை. நேராகக் கக்கூஸைப் போய்ப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். முனவ்வர் மனசு ஒவ்வொரு மூடிக்கும் ஒருமுறை கீழே விழுந்தது.

"அறையக் காட்டுங்க" என்று கரோமத் பெரிய அறைக் கதவில் கை வைத்தாள்.

"பொறுங்க" என்று யோல்தாஷ் குறுக்கே வந்தார். "உள்ள போகக்கூடாது."

"ஏன்?"

"சென்ட் போட்டிருக்கீங்க. புழுவுக்கு ஆகாது. திங்காம கெடக்கும்."

துர்தீகான் கண்ணை மூடிக்கொண்டாள். கரோமத்தின் முகம் சிவந்தது. "நான் பொண்ணு குடுக்க வந்தவ. என்னைவிட உங்களுக்குப் புழு பெருசா?"

"புழுவ ஒரு மாசமாப் பிள்ள மாதிரி வளத்திருக்கேன், அம்மா. உங்கள இப்பத்தான் பாக்குறேன்."

கரோமத் திரும்பி விறுவிறுவென்று நடந்து, கட்டிலின் ஓரச்சட்டத்தில், மெத்தை மறைக்காத இடத்தில், செருப்பைக் கழற்றுவதற்காகத் தொம்மென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே முனவ்வர் நீட்டிய டீயை வாங்கினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குடித்தாள். "சரி, பாத்தாச்சு. கெளம்புறேன்" என்று எழுந்தாள்.

எழ முடியவில்லை.

மறுபடி உந்தினாள். டர்ர்ரென்று ஒரு சத்தம். கட்டில் சட்டத்தில் அவளுடைய பட்டின் வரி அப்படியே அச்சாகியிருந்தது. அங்கியின் பின்புறம் தட்டு அகலத்துக்கு நீலம். பிளாஸ்டிக் தாளின் விளிம்பில் மழைத்தண்ணீர் தங்கிய இடம். அங்கே மட்டும் பெயின்ட் காயவே இல்லை.

துர்தீகான் "யா அல்லா" என்றாள். கரோமத் தலையைத் திருப்பித் தன் பின்பக்கத்தைப் பார்க்க முயன்று ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்போது யோல்தாஷின் வாயிலிருந்து அது தானாக நழுவி விழுந்தது.

"முப்பது வருசம் பஸ் ஓட்டுனேன். சீட்டோட ஒட்டிக்கிட்டு எறங்க மாட்டேன்னு நின்ன பயணிய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

கரோமத் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப டிக்கெட்டுக் கிழிச்சிருக்கணும்ல நீரு?" என்றாள். "காசு வாங்காம இப்படி முத்திரை குத்தி அனுப்புனா எப்பிடி?"

முதலில் சிரித்தது துர்தீகான்தான். பிறகு முனவ்வரால் முடியவில்லை. முக்காட்டை வாயில் அடைத்தும் பொங்கிக்கொண்டு வந்தது. மாமனார் முன்னால் இப்படிச் சிரிப்போமென்று அவள் நினைத்ததில்லை. யோல்தாஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அன்னத்தின்மேல் சாய்ந்துவிட்டார்; அவர் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. கரோமத்தும் நீல முத்திரையோடு நின்றபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் சங்கடம் வந்தது. இந்தக் கோலத்தில் தெருவழியே எப்படிப் போவாள்? முனவ்வரின் உடுப்பு அவளுக்கு ஒரு கைக்குத்தான் காணும். துர்தீகான் ஒட்டடைக்குச்சி.

மஸ்தூரா அடுப்படியிலிருந்து எழுந்தாள். யாரையும் பார்க்காமல் சின்ன அறைக்குள் போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் கருஞ்சிவப்பு வெல்வெட் அங்கி ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. யோல்தாஷ் சிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து நின்றுவிட்டார்.

"இதப் போட்டுக்கங்க, பெரியம்மா. உங்களுக்குச் சரியா இருக்கும்."

கரோமத் அதைத் தொட்டுப் பார்த்தாள். கேட்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. "உங்கம்மாவோடதா?"

"ஆமா."

"நான் போடலாமாடி, கண்ணு?"

மஸ்தூரா அங்கியைப் பிரித்து அவள் தோளில் போட்டாள். "போட்டுட்டுப் போனா திருப்பிக் கொண்டுவந்து தரணும்ல. அதுக்குத்தான்."

கரோமத் அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அதன்பிறகு யாரும் கிளம்புவதைப் பற்றிப் பேசவில்லை. வெல்வெட்டைப் போட்டுக்கொண்டு கரோமத் கட்டிலில் நன்றாக ஏறிச் சம்மணம் போட்டு, பலாவை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். மஸ்தூராவின் சம்சாவில் உப்பு ஒரு கல் கூட என்றாள். அன்னங்களை அப்போதுதான் கவனித்து, "இந்தக் கோழிக யாரு பண்ணது?" என்று கேட்டாள். ஒய்னூர் அவளுக்கு அது டிரைவர் என்று விளக்கிச் சொன்னது.

புழுக்கள் தீனியை நிறுத்திக் கூடு கட்டக் காய்ந்த செடிகளில் ஏறிய நாள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. முனவ்வர் வாய்க்காலில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். மாமனார் பந்தலடியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் யாரோ நின்றார்கள். நடுத்தர உயரம், பூப்போட்ட பருத்தி உடுப்பு, கையில் துணிமூட்டை, மூட்டைமேல் இரண்டு ரொட்டி. கரோமத்தின் ஜாடை, கரோமத்தின் கனம் இல்லை.

"அக்காவுக்கு முழங்கால் வலியாம். என்னையக் கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னா" என்றாள். அது பொய் என்று அவள் காது சிவந்ததிலிருந்தே தெரிந்தது. "நான் சென்ட் எதுவும் போடல."

யோல்தாஷ் எழுந்தார். இருமப் போனவர் இருமாமல், "வாங்க, உக்காருங்க. நல்லா காய்ஞ்சிருச்சு" என்றார்.

ஸும்ரத் சிரித்தாள். உட்காரவில்லை. வெல்வெட்டை முனவ்வர் கையில் கொடுத்துவிட்டு முற்றத்தைச் சுற்றிலும் பார்த்தாள், சுவரையும் விளக்கையும் பந்தலையும் நின்று நின்று பார்த்தாள். பாலர் பள்ளியில் பிள்ளைகளின் தட்டை எட்டிப் பார்த்துப் பழகிய கண். வாய்க்கால் ஓரத்து டின்களிடம் வந்ததும் குனிந்து ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தாள்.

"ஏம்மா, இந்தத் திருநீற்றுப்பச்சைய யாரு நெழல்ல வச்சது? வெயில் இல்லாம எப்படி வளரும்? உனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலியா?"

ஸும்ரத் சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முனவ்வருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வெல்வெட்டைக் கட்டிலில் வைத்தாள், இரண்டு கையிலும் இரண்டு டின்னைத் தூக்கினாள்.

"இல்லீங்க, யாரும் சொல்லித் தரல" என்றாள். "எங்க வைக்கணும்னு சொல்லுங்க, அத்தை."